எடைக் குறைப்பு அறுவைக்குப் பிறகும் அடங்காத வயிறு: சாப்பாட்டை மாற்றுவதா, மருந்தா, மறுபடியும் அறுவையா?

எனக்கு இரைப்பை பைபாஸ் செய்து ஏழு வருடம் ஆகிறது. எடை குறைந்தது, முழங்கால் வலி போனது, சர்க்கரை நோய் மாத்திரைகள் நின்றன. அந்த அறுவையைச் செய்துகொண்டதற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை. ஆனால் மூன்றாவது வருடம் தொடங்கி ஏறக்குறைய ஒன்றரை வருடம், சாப்பிட்டு அரை மணி நேரத்தில் கழிப்பறைக்கு ஓடுவதே என் பிழைப்பாக இருந்தது. கழிப்பறை எங்கே என்று தெரியாத இடத்துக்குப் போவதையே விட்டுவிட்டேன். "பைபாஸ் செய்தவர்களுக்கு அப்படித்தான் இருக்கும், பழகிக்கொள்ளுங்கள்" என்றார் ஒரு மருத்துவர். பழகிக்கொண்டேன். பழகியிருக்கக் கூடாது. காரணம் கண்டுபிடித்த பிறகு, ஒரு பொடி மருந்தில் பத்தே நாளில் முக்கால்வாசி அடங்கியது.

இந்த நிலையில் இருப்பவர் முன்னால் பொதுவாக நான்கு வழிகள் இருக்கின்றன: உணவை மாற்றிச் சமாளிப்பது, மருந்து எடுப்பது, எண்டோஸ்கோப்பி மூலம் சரிசெய்வது, மறுபடியும் அறுவை. இவற்றில் எது நல்லது என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்தத் தொந்தரவுக்கு எது என்று கேட்டால், ஓரளவு தெளிவாகவே பதில் சொல்லலாம்.

காத்திருக்கக் கூடாதவை

சில அறிகுறிகளுக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது. உடனே மருத்துவமனைதான். பைபாஸில் குடலை வெட்டி வேறு இடத்தில் இணைக்கும்போது, குடலைத் தாங்கும் சவ்வில் இடைவெளிகள் உண்டாகின்றன. எடை குறைந்து உள்கொழுப்பு கரையக் கரைய அந்த இடைவெளி பெரிதாகும். குடல் அதற்குள் நழுவிச் சிக்கிக்கொள்ளலாம். பல வருடங்கள் கழித்தும் இது நடக்கும். மேல்வயிற்றில் பிடித்து முறுக்குவது போல் வலி வரும், கொஞ்ச நேரத்தில் தானாக விலகும், மறுபடி வரும். வலி இல்லாத நேரத்தில் எடுத்த சி.டி. ஸ்கேனில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். ஸ்கேன் நார்மல் என்ற ஒரே காரணத்தால் இதை விட்டுவிடாதீர்கள். வலி திரும்பத் திரும்ப வந்தால் லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா விடும் அறுவை) மூலம் உள்ளே பார்ப்பதுதான் கடைசித் தீர்ப்பு. இங்கே அறுவை என்பது கடைசி வழி இல்லை, முதல் வழி.

கறுப்பாக மலம் போவது, ரத்த வாந்தி, வாந்தியோடு விடாத வயிற்று வலி, காய்ச்சலோடு வயிற்று வலி, கண் மஞ்சளாவது, இவையும் அப்படியே. நாள் கணக்கில் வாந்தி நிற்கவில்லை என்றால் வைட்டமின் பி1 வேகமாகத் தீர்ந்துவிடும். நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகும், பேச்சு குழம்பும். அந்த நிலையில் குளுக்கோஸ் டிரிப் ஏற்றும் முன்பே பி1 கொடுக்க வேண்டும். அவசரப் பிரிவில் இருப்பவருக்கு நீங்கள் பைபாஸ் செய்தவர் என்பது தெரியாமல் போகலாம். நீங்களோ உடன் வருபவரோ முதல் வார்த்தையாக அதைச் சொல்லிவிட வேண்டும்.

எந்த அறுவை என்பதில் பாதி பதில் இருக்கிறது

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு குழாய் போல ஆக்குகிறார்கள். குடலில் கை வைப்பதில்லை. அதனால் அவர்களுடைய நீண்டகாலத் தொல்லை பெரும்பாலும் மேலே இருக்கிறது: நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு, வாந்தி. பைபாஸில் 30 மில்லி அளவுக்கு ஒரு சிறு பை செய்து, அதை நேராகச் சிறுகுடலில் இணைக்கிறார்கள். இவர்களுக்கு டம்பிங் (உணவு வேகமாகக் குடலில் கொட்டுவதால் வரும் தொல்லை), பேதி, இணைப்பில் புண், சத்துக் குறைவு ஆகியவை அதிகம். ஒற்றை இணைப்பு பைபாஸ் செய்தவர்களுக்குப் பித்தநீர் மேலேறும் தொந்தரவு வரலாம். குடலின் பெரும்பகுதியை ஒதுக்கிவிடும் டியோடினல் ஸ்விட்ச் முறையில் கொழுப்பு கலந்த பேதியும் சத்துக் குறைவும் மற்றவற்றைவிடக் கூடுதல்.

உங்கள் அறுவைக் குறிப்பின் நகல் கையில் இருக்கட்டும். எவ்வளவு நீளக் குடல் ஒதுக்கப்பட்டது என்பது அதில் இருக்கும். பின்னால் திருத்த அறுவை பற்றிப் பேசும்போது அந்த எண்தான் பேச்சின் மையம்.

அப்புறம், எந்த மருந்தையும் தொடங்கும் முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, தொந்தரவு எத்தனை நிமிடம் கழித்து வந்தது, மலம் எப்படி இருந்தது. பரிசோதனைகள் எல்லாம் சேர்ந்து சொல்லாததை என் விஷயத்தில் அந்த 'எத்தனை நிமிடம் கழித்து' என்ற பத்திதான் சொன்னது.

டம்பிங்: இரண்டு தொல்லைக்கு ஒரே பெயர்

சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் வருவது ஒன்று. செரிக்காத உணவு திடீரென்று குடலில் கொட்டுகிறது, குடல் உடம்பின் நீரை உள்ளே இழுக்கிறது. நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வயிறு முறுக்கும், பேதி போகும். இதற்கு உணவு மாற்றமே மருந்தைவிட நல்ல வழி என்பது என் உறுதியான கருத்து. ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை சிறிது சிறிதாகச் சாப்பிடுவது, இனிப்பையும் இனிப்புப் பானங்களையும் விடுவது, சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காமல் அரை மணி நேரம் தள்ளிக் குடிப்பது, ஒவ்வொரு வேளையும் புரதத்தில் தொடங்குவது. பெரும்பாலானவர்களுக்கு இவையே போதும். சாப்பிட்டவுடன் அரை மணி நேரம் படுத்துக்கொள்வதும் சிலருக்கு உதவும்.

ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து வருவது வேறு விஷயம். மாவுச்சத்து வேகமாக உறிஞ்சப்பட்டு ரத்தச் சர்க்கரை ஏறுகிறது. குடல் ஹார்மோன்கள் தூண்ட, இன்சுலின் தேவைக்கு மேல் சுரந்து சர்க்கரை சரிந்துவிடுகிறது. கை நடுக்கம், குளிர் வியர்வை, குழப்பம், சில நேரம் மயக்கம். பெரும்பாலும் அறுவை முடிந்து ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆன பிறகுதான் இது தலைகாட்டும். அதனால் பலரும் இதை அறுவையோடு சேர்த்துப் பார்ப்பதே இல்லை. எனக்கு முதலில் வந்தபோது மனப் பதற்றம் என்றுதான் நினைத்தேன். ஒரு மாலை, வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது எந்தத் தெருவில் இருக்கிறேன் என்பதே புரியவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி நேரம் முன்னால் ஒரு பெரிய கோப்பை பழச்சாறு குடித்திருந்தது அன்று இரவு நோட்டில் எழுதும்போதுதான் நினைவுக்கு வந்தது.

இதற்கும் முதல் படி உணவுதான். மாவுச்சத்தை ஒவ்வொரு வேளைக்கும் அளந்து, புரதம், கொழுப்பு, நார்ச்சத்தோடு சேர்த்துச் சாப்பிட வேண்டும். நான்கிலிருந்து ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் சரிவு நிற்கவில்லை என்றால் மருந்துக்குப் போவதில் தவறில்லை. வழக்கமாக முதலில் தருவது அகார்போஸ். குடலில் மாவுச்சத்து உடைவதை அது மெதுவாக்குகிறது. ஆனால் உடையாமல் மிஞ்சியது பெருங்குடலில் புளிக்கும். வாயுவும் பேதியும் கூடும். ஏற்கெனவே பேதியால் அவதிப்படுபவருக்கு இது ஒன்றைத் தணித்து இன்னொன்றைக் கிளப்பிவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது. பேதி அடங்கிய பிறகு அதே மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கினோம், தாங்கியது. வரிசை முக்கியம் என்று அப்போதுதான் புரிந்தது.

அகார்போஸ் எடுப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது: சர்க்கரை சரிந்தால் சாதாரணச் சீனி வேலைக்கு ஆகாது, ஏனென்றால் அது உடைவதையும் மருந்து தடுக்கிறது. குளுக்கோஸ் மாத்திரையோ பொடியோதான் வேண்டும். ஏறியதும் மறுபடி சரியாமல் இருக்கக் கொஞ்சம் புரதம் சாப்பிட வேண்டும்.

அதற்கு அடுத்த படியில் டயசாக்சைடு, ஆக்ட்ரியோடைடு ஊசி போன்றவை இருக்கின்றன. டயசாக்சைடால் உடம்பில் நீர் கோக்கலாம். ஆக்ட்ரியோடைடால் பித்தப்பைக் கல் வரலாம், மலத்தில் கொழுப்பு போகலாம். இவற்றை நாளமில்லாச் சுரப்பி நிபுணர் ஒருவரின் கண்காணிப்பில் மட்டுமே எடுக்க வேண்டும். இரைப்பைச் சிறு பை குடலோடு சேரும் வாய் விரிந்துபோனதால் டம்பிங் வருகிறவர்களுக்கு, எண்டோஸ்கோப்பி மூலம் அந்த வாயைத் தையலிட்டுச் சுருக்கும் முறை உண்டு. வயிற்றைத் திறக்க வேண்டாம், வீட்டுக்குச் சீக்கிரம் போகலாம். ஆனால் வாய் விரியாதவருக்கு அதில் பெரிய பலன் இருக்காது. அளந்து பார்த்துவிட்டுச் செய்கிறார்களா என்று கேளுங்கள்.

பேதி: இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம்

நான் ஒன்றரை வருடத்தை இழந்தது இங்கேதான். பேதி என்பது நோயின் பெயரில்லை, அதன் பின்னால் குறைந்தது ஆறேழு காரணங்கள் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

செலவோ ஆபத்தோ இல்லாதவற்றை முதலில் கழித்துவிடலாம். பாலில் உள்ள லாக்டோஸ் அறுவைக்கு முன் ஒத்துக்கொண்டவர்களுக்கும் பிறகு ஒத்துக்கொள்ளாமல் போகும். இரண்டு வாரம் நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். சர்க்கரை இல்லாத மிட்டாய், சூயிங்கம், புரத பார் ஆகியவற்றில் சேர்க்கும் சார்பிட்டால், சைலிட்டால் போன்றவை நேரடியாகப் பேதி கிளப்பும். நம்மைப் போன்றவர்கள்தான் அவற்றை அதிகம் வாங்குகிறோம். சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின், மெக்னீசியம் மாத்திரைகளும் அதே வேலையைச் செய்யும்.

இதில் அடங்காவிட்டால் உணவுக் கட்டுப்பாட்டை இன்னும் இறுக்குவது சரியான பதில் இல்லை. நான் அதைத்தான் செய்தேன். ஒவ்வொரு உணவாக நீக்கிக்கொண்டே போய், கடைசியில் ஐந்தாறு பொருள்களில் வாழ்ந்தேன். ரத்தத்தில் புரதம் குறைந்தது, முடி கொட்டியது, பேதி மட்டும் அப்படியே இருந்தது. குடலில் புளிக்கக்கூடிய மாவுச்சத்துகளைக் குறைக்கும் ஃபாட்மேப் உணவுமுறை வாயு, உப்புசம் உள்ளவர்களுக்கு உண்மையாகவே உதவும். ஆனால் அது நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கான சோதனை. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். சிறு வயிற்றோடு தினமும் 60 கிராம் புரதம் சேர்ப்பதே பாடு. அதனால் டயட்டீஷியன் துணையில்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

மலத்தின் தன்மை வழிகாட்டும். தண்ணீராக, அடக்க முடியாத அவசரத்தோடு, பித்தப்பை எடுத்தவருக்கு வந்தால் பித்த அமிலத்தைச் சந்தேகிக்கலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதி திரும்ப உறிஞ்ச வேண்டிய பித்த அமிலம் பெருங்குடலுக்குத் தப்பிப்போய் அதைத் துரத்துகிறது. எனக்கு இரண்டாவது வருடம் பித்தப்பையை எடுத்திருந்தார்கள். கொலஸ்டிரமைன் என்ற பொடி அந்த அமிலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நான் முதலில் சொன்ன பொடி இதுதான். அதன் குறை என்னவென்றால், மற்ற மருந்துகளையும் ஏ, டி, இ, கே வைட்டமின்களையும்கூடச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மற்ற மாத்திரைகளை அதற்கு ஒரு மணி நேரம் முன்போ, நான்கிலிருந்து ஆறு மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். ஏற்கெனவே சத்து மாத்திரைகளுக்கு அட்டவணை போட்டு வாழும் நமக்கு இது சுமைதான். ஆனாலும் வீட்டை விட்டு வெளியே போக முடிகிறதே!

வெளிறி, எண்ணெய்ப் பசையோடு, மிதந்து, கடும் நாற்றத்தோடு போனால் கொழுப்பு செரிக்கவில்லை. கணையநீர் உணவோடு சரியான நேரத்தில் கலக்காததால் இப்படி ஆகலாம். மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய நொதியின் அளவு பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. மலம் தண்ணீராக இருந்தால் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும் என்பதை மனதில் வையுங்கள். கணைய நொதி மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும், சாப்பிட்டு முடித்தபின் எடுத்தால் பயன் குறைவு.

உப்புசமும் வாயுவும் மிகுந்திருந்தால் சிறுகுடலில் பாக்டீரியா பெருகியிருக்கலாம். இதற்கான மூச்சுப் பரிசோதனை பைபாஸ் செய்தவர்களுக்கு ஏமாற்றும். குடித்த சர்க்கரை வேகமாகப் பெருங்குடலை எட்டிவிடுவதால் இல்லாததை இருப்பதாகக் காட்டும். அதனால் பல மருத்துவர்கள் ரிஃபாக்சிமின் போன்ற ஆன்டிபயாட்டிக்கை இரண்டு வாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். நியாயமான அணுகுமுறைதான். ஆனால் பலருக்குத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாட்டிக்கா என்ற கேள்வியை இரண்டாவது முறையே கேட்டுவிடுங்கள்.

லோபரமைடு பேதியை நிறுத்தும், காரணத்தை நிறுத்தாது. கிருமித் தொற்று இல்லை என்று தெரிந்தபின், ஒரு பயணத்துக்கோ முக்கியமான நாளுக்கோ அதை வைத்துக்கொள்வதில் தயக்கம் வேண்டாம். மாதக்கணக்கில் அதையே நம்பியிருப்பது வேறு. இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, ரத்தம், மறுபடி இறங்கும் எடை ஆகியவை இருந்தால் கொலனோஸ்கோப்பியைத் தள்ளிப்போட வேண்டாம். எல்லாவற்றுக்கும் அறுவையைக் காரணம் சொல்லி, பெருங்குடலில் இருக்கும் வேறு நோயைத் தவறவிடக் கூடாது.

ஒரு நேரத்தில் ஒரு மருந்து. மூன்று மருந்தை ஒன்றாகத் தொடங்கினால் எது கேட்டது என்று தெரியாது, மூன்றையும் விடவும் முடியாது.

ஸ்லீவுக்குப் பின் நெஞ்செரிச்சல்

இங்கே என் கருத்து கொஞ்சம் மாறுபடும். மற்ற தொல்லைகளில் அறுவையைக் கடைசியில் வைப்பேன். இதில் அவ்வளவு தள்ளிவைக்க மாட்டேன். குறுகலான குழாய்க்குள் அழுத்தம் அதிகம், அமிலம் மேலே போவதற்குத்தான் வழி. அமிலம் குறைக்கும் ஒமிப்ரசோல் வகை மாத்திரையும், இரவில் தலைப்பக்கம் உயர்த்திப் படுப்பதும், படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடிப்பதும் நிறையப் பேருக்குப் போதும். அந்த மாத்திரைகளை வருடக்கணக்கில் எடுத்தால் பி12, மெக்னீசியம் அளவுகளைக் கண்காணிக்க வேண்டும். வழக்கமான எதுக்களிப்பு அறுவையில் இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றிக் கட்டுவார்கள். ஸ்லீவில் அந்தப் பகுதியைத்தான் எடுத்துவிட்டார்களே. அதனால் அந்த வழி பொதுவாக இல்லை.

குழாயில் ஒரு இடம் சுருங்கியிருந்தால் எண்டோஸ்கோப்பி பலூனால் விரிக்கலாம், அதைத்தான் முதலில் முயல வேண்டும். சுருக்கம் இல்லை, முழு அளவு மாத்திரையும் கேட்கவில்லை, எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாய் புண்பட்டிருக்கிறது அல்லது பேரட் எனப்படும் திசு மாற்றம் தெரிகிறது என்றால், ஸ்லீவை ரூ-என்-ஒய் பைபாஸாக, அதாவது முன்பு சொன்ன சிறு பை பைபாஸாக, மாற்றுவதே நிலையான தீர்வு. பெரும்பாலானவர்களுக்கு எதுக்களிப்பு நன்றாகக் குறைகிறது. விலையாக பைபாஸின் தொல்லைகள், நான் மேலே சொன்ன டம்பிங்கும் பேதியும் குடல் சிக்கலும், உங்கள் வாசலுக்கு வரக்கூடும். தெரிந்தே ஏற்க வேண்டிய பேரம் இது. எரிச்சலே இல்லாமலும் உணவுக்குழாய் கெடலாம் என்பதால், ஸ்லீவ் செய்தவர்கள் அவ்வப்போது எண்டோஸ்கோப்பி செய்துகொள்வது நல்லது.

ஒற்றை இணைப்பு பைபாஸில் பித்தநீர் ஏறினால் அமிலம் குறைக்கும் மாத்திரை அதைத் தடுக்காது. தொடர்ந்து தொல்லை இருந்தால் அங்கும் ரூ-என்-ஒய்யாக மாற்றுவதுதான் வழி.

புண்ணும் மலச்சிக்கலும்

பைபாஸ் இணைப்பில் வரும் புண்ணுக்கு மருந்தே முதல் வழி: அமிலம் குறைக்கும் மாத்திரை மாதக்கணக்கில், கூடவே புண்ணை மூடிப் பாதுகாக்கும் சுக்ரால்ஃபேட் திரவம். கேப்ஸ்யூலைத் திறந்து உள்ளே இருப்பதை விழுங்கினால் புண் வேகமாக ஆறுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். புகையை விடாமலும், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகளை நிறுத்தாமலும் எந்த மருந்தும் கேட்காது.

மலச்சிக்கல் பெரும்பாலும் இரும்பு மாத்திரையாலும் குறைவாகத் தண்ணீர் குடிப்பதாலும் வருவது. இரும்பின் வகையை மாற்றச் சொல்லிக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மீட்டு இணைக்கும் அறுவை

பைபாஸைப் பழைய நிலைக்கு ஏறக்குறைய திருப்ப முடியும். ஸ்லீவைத் திருப்ப முடியாது, வெட்டி எடுத்தது போய்விட்டது. டியோடினல் ஸ்விட்ச்சில் உணவும் செரிமான நீரும் சேர்ந்து ஓடும் குடல் நீளத்தைக் கூட்டலாம், முழுதாகத் திருப்பத் தேவையில்லை.

குடல் அறுவையால் வரும் பேதியைத் தாங்கித்தான் ஆக வேண்டும் என்பது விதி இல்லை. 1950கள் முதல் 70கள் வரை சிறுகுடலின் பெரும்பகுதியை ஒதுக்கும் ஒரு பைபாஸ் செய்யப்பட்டது. கடும் பேதி, சிறுநீரகக் கல், கல்லீரல் செயலிழப்பு என்று வந்ததால் பலருக்கு அது திருப்பப்பட்டது, முறையே கைவிடப்பட்டது.

சரி, யாருக்குத் திருப்பலாம்? ஊட்டச்சத்து ஏற்றியும் தேறாத மெலிவு, மருந்தெல்லாம் பார்த்தும் மயங்கி விழும் சர்க்கரைச் சரிவு, ஆறாத புண். இவர்களுக்கு அது உயிர் காக்கும். மற்றவர்களுக்குத் தயங்குவேன். எடை திரும்பும், சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் திரும்பலாம், முதல் அறுவையால் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட வயிற்றில் செய்யும் இரண்டாவது அறுவை முதலாவதைவிடச் சிக்கலானது. சர்க்கரைச் சரிவுக்காகத் திருப்பியவர்களில் சிலருக்கு அதன் பிறகும் சரிவு நிற்பதில்லை.

முடிவெடுக்கும் முன் கேட்க வேண்டிய ஒன்று உண்டு. பைபாஸில் ஒதுக்கப்பட்ட பழைய இரைப்பை உள்ளேயே இருக்கிறது. அதில் ஒரு குழாய் வைத்து சில வாரம் உணவு கொடுத்தால், உணவு பழைய பாதையில் போகும். தொந்தரவு போய்விட்டால் திருப்புவதில் பலன் இருக்க வாய்ப்பு அதிகம், போகவில்லை என்றால் ஒரு பெரிய அறுவை மிச்சம். என்னிடம் திருப்புவது பற்றிப் பேச்சு வந்தபோது இப்படி ஒரு சோதனை இருப்பதையே யாரும் சொல்லவில்லை, நானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எனக்கு அதுவும் தேவைப்படவில்லை. பொடியும் குறைந்த அளவு அகார்போஸும் போதுமானதாக இருக்கின்றன.

எந்த வழியில் போனாலும் சத்துப் பரிசோதனை கூடவே வரும். பேதி நீண்டால் துத்தநாகமும் தாமிரமும் ஏ வைட்டமினும் சரியும். முடி கொட்டுகிறது என்று துத்தநாகத்தை மட்டும் அதிகமாக எடுத்தால் தாமிரம் இறங்கும், கால் மரத்து நடை தடுமாறும், பி12 குறைவு என்று தவறாக நினைக்க வைக்கும். அடுத்த மாதம் எனக்கு அந்தப் பரிசோதனை. மூன்று மாத நோட்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன். பொடியை அரைப் பங்காகக் குறைத்து இரண்டு வாரம் பார்க்கலாமா என்று கேட்க வேண்டும்.